லாபர் தெரு

தோணிக்கரையில் தேநீரின் முதல் மிடறுக்கு ருசி இல்லாமல் போனதும், மாதா கோவில் மணி இரண்டாவது அடியிலிருந்தே காதில் விழ ஆரம்பித்ததும், ஊரே பேச்சைத் தொடங்கும் முன்னால் ‘சும்மா’ என்று ஒரு வெறும் சொல்லை எறிந்துவிட்டு அப்புறம் பேசப் பழகியதும், எல்லாமே பல்லில்லாத ஒரு மனிதர் தொலைபேசியில் ஆறு தெருக்களை எண்ணிச் சொன்னதால் வந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் ஊரில் முதல் மிடறுக்கு ருசி இருக்கிறது, சிரிக்கலாம்.

கடலைப் பார்த்து உட்கார்ந்த சின்ன ஊர். ஆறு தெரு, ஆறு சனம். வலை போடுகிற பரதர், கப்பல் ஓட்டிய பெருமையை இன்னும் தாடியில் தடவிக்கொண்டிருக்கிற மரைக்காயர், வீட்டுக்குள் ஒரு மொழியும் வாசலில் ஒரு மொழியும் பேசுகிற சௌராஷ்டிரர், தெலுங்கில் கோபித்துக்கொண்டு தமிழில் சமாதானமாகிற தேவாங்கர், உப்பளத்தார், கடைசியில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தோம் என்று ஆளுக்கொரு தூரம் சொல்கிற பர்மாக்காரர். இந்த ஆறு தெருவுக்கும் பொதுவாக ஒரு கூடம் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஆறு தெருவும் தன் தன் பாட்டையும் கூத்தையும் சோற்றையும் அங்கே கொண்டுவந்து, ஒருவர் பாட்டை ஒருவர் கேலி செய்து, ஒருவர் சோற்றை ஒருவர் தின்று தீர்த்துவிட்டுப் போவார்கள். கூரை சரிந்து நாலு வருடமாக அது நின்றுபோயிருந்தது.

தலைநகரில் ஓர் அலுவலகம் ‘பல்சமூக மரபுப் பண்பாட்டு நல்கைத் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தது அப்போதுதான். நல்கை என்றால் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கிராண்ட் என்றதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பண்பாட்டுக் கழகத்துச் செயலாளர் சவரிராயன், முப்பது வருடம் தபாலாபீசில் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், விண்ணப்பம் போடக் கிளம்பினார். மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. கடைசி நாளும் அன்றைக்குத்தான். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சுகுணாவிடம் போய், “எழுதும்மா, நான் சொல்லுதேன்” என்று உட்கார்ந்தார்.

பங்கெடுக்கும் சமூகங்களை வரிசையாக எழுத வேண்டும் என்ற இடத்தில் முட்டிக்கொண்டது. எந்தத் தெருவை முதலில் எழுதினால் எந்தத் தெரு ஆறு மாதம் பேசாது என்பது ஒரு பெரிய விஷயம். உப்பளக்கார மூக்கையா மட்டும்தான் வருடா வருடம் ஆறு தெருவுக்கும் ஒரே வரிசையில் போய் உப்பு அளந்து போடுகிறவர். அவர் வரிசையில் யாரும் குறை கண்டதில்லை. சவரிராயன் அவருக்குப் போன் போட்டு, தெருக்களை வரிசையாகச் சொல்லச் சொல்லி, போனைச் சுகுணா கையில் கொடுத்துவிட்டு வெற்றிலை வாங்கப் போனார்.

மூக்கையா அளவுகாரர். அளவுகாரர் எவரும் முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டார்கள். ஒன்று என்றால் அது ஒற்றையாகப் போய்விடும், பெருகாது. அதனால் முதல் அளவுக்கு ‘லாபம்’ என்று பெயர், இரண்டிலிருந்துதான் எண்ணே தொடங்கும். உப்பானாலும் நெல்லானாலும் பெற்ற பிள்ளைகளானாலும் மூக்கையாவுக்கு அப்படித்தான் வாயில் வரும்.

“லாபம்” என்றார் மூக்கையா, மூச்சு வாங்கினார். “பரதர். ரெண்டு, மரைக்காயர். மூணு, சௌராஷ்டிரர்…”

சுகுணாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. எல்லாப் பெயரும் ‘ர்’ என்று முடிகிறது, முதல் பெயர் மட்டும் ‘ம்’ என்று முடிகிறது, கிழவருக்குப் பல் இல்லை, என்று மூன்றையும் கூட்டிப் பார்த்து, முதல் கட்டத்தில் ‘லாபர்’ என்று அடித்தாள். ஏழு சமூகம் இல்லையென்றால் அனுப்பும் பொத்தான் பச்சையாகாது என்பது திட்டத்தின் விதி. ஆறு தெருவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்தான் சவரிராயன் கடையை விட்டே எழுந்து போயிருந்தார். திரும்பி வந்தபோது பொத்தான் பச்சையாக இருந்தது. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு அழுத்திவிட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, அதில் கண்டுள்ள அரிய சமூகமான லாபர் குறித்து அலுவலகம் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளது, இணைத்துள்ள கட்டங்களை நிரப்பி மூன்று நாளில் அனுப்புக. சவரிராயன் அதைக் கழகத் தலைவர் செய்யது மீரான் மரைக்காயரிடம் கொண்டுபோனார். மீரான் படித்துவிட்டு, இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார்.

“ஓய் தபாலு, யாருவே இந்த லாபரு? உம்ம சம்பந்திமாரா?”

“மூக்கையா எண்ணினதை அந்தப் பொண்ணு எழுதிட்டு, காக்கா. தப்புன்னு ஒரு வரி எழுதிருவோம்.”

“எழுதும். எழுதினா ஆறு. ஆறுன்னா கூரை இல்ல. ஏழுன்னா கூரை. உமக்குக் கூரை வேணுமா, உண்மை வேணுமா?”

“ரெண்டும் வேணும்.”

“ரெண்டும் கேக்கிறவனுக்கு அல்லா ஒண்ணும் குடுக்கிறதில்ல. நிரப்பி அனுப்பும்வே. எவன் வந்து எண்ணப் போறான்?”

சவரிராயன் நிரப்பினார். முப்பது வருடம் அடுத்தவர் எழுத்தைச் சுமந்தவருக்குத் தன் மனசிலிருந்து எழுதுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மக்கள்தொகை: நாற்பத்தொன்று, ஏனென்றால் கூடத்தில் உடையாத நாற்காலிகள் அவ்வளவுதான். வசிப்பிடம்: கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, ஏனென்றால் அங்கே மணல்மேட்டைத் தவிர எதுவும் இல்லை. உடை: சாயமேறாத நூல். சிறப்பு வழக்கம்: எதிலும் முதலாவது இவர்களுக்கே உரியது. தொடர்புக்குரியவர் பெயர்: ஒரு கோடு.

அனுமதி வந்தது, கூரை வந்தது, விழா நாளும் வந்தது. பார்வையிட வந்த அலுவலர் அம்மாவுக்காகக் கூடத்தின் முன்வரிசைகளில் நாற்பத்தொரு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, ஆரஞ்சு மிட்டாய்த் தட்டை எடுக்க உள்ளே போய்த் திரும்பிய சவரிராயன், நாற்பத்தொரு நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஆணும் பெண்ணும் கைக்குழந்தைகளும். சாயமேறாத நூலில் நெய்த உடை. கையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரமாக உட்கார்ந்திருப்பவர்களின் அலுப்போடு அவரைப் பார்த்தார்கள்.

முன்வரிசை ஓரத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி, “நேரமாகலையா?” என்று கேட்டாள்.

“ஆரம்பிச்சிரலாம்” என்றார் சவரிராயன். வேறு என்ன சொல்வது? தட்டை நீட்டினார். முதல் மிட்டாயை அவள் எடுத்துக்கொண்டாள். “உங்க பேரு?” என்று கேட்டதற்கு, அவள் விரலால் காற்றில் குறுக்கே ஒரு கோடு கிழித்துக் காட்டினாள்.

அலுவலர் அம்மா அவர்களைப் பார்த்துக் கண் கலங்கினார். ஒவ்வொருவரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஊர் தெற்கே போய்ப் பார்த்தது. மணல்மேட்டில் பன்னிரண்டு வீடு இருந்தது. சுவரில் பல வருடத்து உப்புக்காற்று அரித்த தழும்பு, கொடியில் துணி, முற்றத்தில் கோழி, அடுப்பில் சாம்பல். முதல் வாரம் ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது. இரண்டாம் வாரம் பர்மாக்காரர் தெருவில் ஒருவர், ரங்கூனிலிருந்து நடந்து வந்து சேர்ந்தபோது தன் அப்பாவுக்கு முதல் குவளை தண்ணீர் கொடுத்தவர்கள் லாபர்தான் என்று சொன்னார். மூன்றாம் வாரம் சௌராஷ்டிரத் தெருவில், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வந்து தாம்பூலம் எடுத்தபின்தான் முகூர்த்தம் என்றார்கள். நாலாம் வாரத்துக்குள், லாபரைத் தெரியாது என்று சொல்கிற ஆள், மூக்கையாவைத் தவிர, தோணிக்கரையில் இல்லை.

“அந்தத் தெருவுக்கு நான் உப்பளந்ததே இல்லையே” என்று அவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லில்லாதவர் பேச்சு யாருக்குப் புரிகிறது?

அவர்கள் யாரையும் தொந்தரவு செய்ததில்லை. ரேஷன் கடைக்கு விடிந்ததும் விடியாததுமாகப் போனாலும் வரிசையின் தலையில் ஒரு லாபர் நின்றுகொண்டிருப்பார், அவ்வளவுதான். திவ்ய நற்கருணைக்கு முதலில் ஒரு லாபர், வெள்ளிக்கிழமைத் தொழுகையின் முதல் சஃப் வரிசையில் ஒரு லாபர், சௌடேஸ்வரி அம்மன் தீபாராதனையை முதலில் தொட்டு ஒற்றிக்கொள்வதும் ஒரு லாபர். வலையில் ஏறிய முதல் மீன் தானாகத் துள்ளித் தெற்குப் பக்கம் விழுந்தது, ஆற்றைக் கடப்பதுபோல் மணலைக் கடந்து போனது. பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் நின்றுபோனது. இரண்டாவது வந்த பிள்ளைக்கு மாலை போட்டார்கள். மழையின் முதல் துளி மணல்மேட்டில் விழுந்தது. பிறகு மிடறும் மணியும் போயின, வாக்கியங்களின் முதல் சொல் காணாமல் போகத் தொடங்கியது. ‘…பசிக்குது’ என்பான் பிள்ளை, யாருக்கென்று தெரியாது. ஊர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, சும்மா என்று ஒரு சொல்லை முன்னால் வைத்தது. ‘சும்மா’ காணாமல் போய், மீதி பத்திரமாக வந்து சேர்ந்தது. முதலை அவர்களுக்கு விட்டுவிட்டால் இரண்டாவதிலிருந்து எல்லாம் நமக்குத்தானே, என்று ஊர் சொல்லிக்கொண்டது. ஆறு தெருவும் ஒன்றையொன்று மாமா, மச்சான், காக்கா, அண்ணாச்சி என்று முறை வைத்துக் கூப்பிடும். லாபரை மட்டும் யாரும் முறை வைத்துக் கூப்பிடவில்லை. வாங்க, உக்காருங்க, நீங்க எடுங்க முதல்ல. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

சவரிராயனுக்கு ஒரே மகள், செலின். கல்யாணமாகி எட்டு வருடம் வயிறு திறக்காமல் இருந்தவள், விழா முடிந்த மாதத்தில் உண்டானாள். மாமியார் வீட்டிலிருந்து ஏழாம் மாதம் அழைத்து வந்தார்கள். அந்த வருடம் தோணிக்கரையில் வேறு யாருக்கும் தலைப்பிரசவம் வாய்க்கவில்லை, அதனால் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. வளையல் போட ஆறு தெருப் பெண்களும் வந்து நிற்க, கோட்டுப் பெயர்க்காரி எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் வளையலைப் போட்டாள். போட்டுவிட்டு செலின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். அதுவரை ஒரு நாளும் அசையாத பிள்ளை, உள்ளேயிருந்து அந்தக் கைக்கு நேராக நகர்ந்து வந்தது.

“நல்லா வளருது எங்க பிள்ள” என்றாள் அவள், சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல.

பெண்கள் சிரித்தார்கள். சவரிராயன் மனைவி பிரகாசி, “உங்க வாக்கு பலிக்கட்டும்” என்றாள். கதவோரம் நின்ற சவரிராயனுக்கு மட்டும் அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. தலைப்பிள்ளை. எதிலும் முதலாவது. தன் கையால் எழுதியது.

அன்றே மீரானிடம் போனார். “சும்மா, லாபர்னு ஒரு சனமே இல்லன்னு அலுவலகத்துக்கு எழுதப் போறேன், காக்கா. கூரை போனாப் போவட்டும்.”

மீரானுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. “சும்மா, என்ன பேச்சு பேசுதீரு? நாப்பத்தியோரு பேரு. அதுல ஏழு கைப்பிள்ளை. முகத்தைப் பாத்துட்டு வந்து எழுதும், கை வந்தா.”

“உமக்கு ஞாபகம் இல்லையா? நீருதானே நிரப்பும்னு சொன்னீரு?”

“என்னத்தை?” என்றார் மீரான், நிஜமாகவே.

சவரிராயன் தெற்கே நடந்தார். நல்ல வெயில். மணல்மேட்டில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. ஒளிந்து விளையாடுகிற ஆட்டம், ஒன்று, இரண்டு என்று எண்ணாமல், எல்லாம் ஒரே சமயத்தில் ஒளிந்து எல்லாம் ஒரே சமயத்தில் கண்டுபிடிக்கப்படுகிற ஆட்டம். அவள் வாசலில் காத்திருந்தாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

“எழுதுங்க” என்றாள், அவர் வாய் திறக்குமுன். “நாங்க இல்லன்னு எழுதினா போயிருவோம். கோபம் ஒண்ணுமில்ல. நீங்க எழுதுறதுக்கு முன்ன எங்கே இருந்தமோ அங்கேதான்.”

“அது எந்த இடம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “மரக்கால் இன்னும் முங்காத உப்பு மாதிரி. யாரும் கேக்க மாட்டாங்க. இருட்டுன்னும் சொல்ல முடியாது.” முற்றத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். எட்டு வருசம் வராத பிள்ள, நீங்க எங்களை எழுதின பிறகுதான் வந்துது. முதல் பிள்ளன்னு ஒண்ணு உண்டானதே எங்க கட்டத்துலதான். எங்களை அழிச்சா அந்தக் கட்டம் முழுசா அழியும். அதையும் யோசிச்சு எழுதுங்க.”

அவர் எழுதவில்லை. குடித்த தண்ணீருக்கு முதல் மிடறிலேயே ருசி இருந்தது என்பது பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது.

பிள்ளை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிறந்தது. பெண். முதல் அழுகையை ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. மணல்மேட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். இரண்டாவது அழுகை எல்லாருக்கும் கேட்டது. நர்ஸ் பிள்ளையைத் தராசில் வைத்தாள். முள் அசையவில்லை. எடுத்துத் திரும்ப வைத்தாள். கோட்டுப் பெயர்க்காரி, எப்போது உள்ளே வந்தாளோ, பிள்ளையின் பாதத்தில் ஒரு விரலை வைத்தாள். முள் நகர்ந்து மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. விரலை எடுத்தாள். முள் திரும்பிப் போனது.

செலின் பால் கொடுத்தாள், தாலாட்டினாள், பிள்ளை சிரித்தது, எல்லாம் நடந்தது. கனம் மட்டும் இல்லை. “அப்பா, மடியில வச்சிருக்கேன், வச்சிருக்க மாதிரியே இல்ல. கண்ணை மூடினா மடி காலியா இருக்கு” என்று அழுதாள். காற்றடித்தால் போய்விடுமோ என்று சன்னலைச் சாத்தினாள் பிரகாசி. சவரிராயன் தூக்கிப் பார்த்தார்; இறகைத் தூக்கினால்கூட இறகென்று தெரியும். லாபர் பெண்கள் வந்து தூக்கும்போது மட்டும் பிள்ளையின் தலை தோளில் அழுந்தியது, புடவை கசங்கியது. பதினாறாம் நாள் பதமான வேப்பமரத்தில் தொட்டில் ஒன்று செய்து வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். நாற்பதாம் நாள் பிள்ளையைத் தங்கள் தெருவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். ஊர் நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தது.

“சும்மா, உனக்கு ரெண்டாவது பிறக்கும்மா, அதை வச்சுக்கலாம்” என்று செலினுக்கு ஆறுதல் சொன்னார்கள், ஆறு தெருப் பெண்களும், அன்போடு.

முப்பத்தொன்பதாம் நாள்தான் அடுத்த வருட நல்கைக்குக் கடைசி நாள். சவரிராயன் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுகுணா கடைக்குப் போனார். தானே அடிக்கிறேன் என்று விசைப்பலகையை வாங்கிக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். ஆறு தெருவும் ஏறின. லாபர் கட்டத்தில் மக்கள்தொகை என்ற இடம் வந்தது. சுழி போட்டால் மணல்மேடு திரும்ப மணல்மேடாகும், பிள்ளை உண்டாகாத பிள்ளையாகும். நாற்பத்தொன்று போட்டால் பிள்ளைக்கு இடமில்லை. நாற்பத்தொரு பேரில் யார் வெளியே போவது, அந்தக் கைப்பிள்ளைகளில் எது? நாற்பத்திரண்டு போட்டால் பிள்ளை அங்கே, தான் இங்கே. சொந்த ரத்தத்தில் கனம் தெரிந்து தூக்க ஓர் ஆள் இருக்காது அதற்கு, கடைசி வரைக்கும்.

முறை வைத்துக் கூப்பிட யாருமில்லாத நாற்பத்தொரு முகங்களை ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். பிரகாசி தன்னை நாற்பது வருடமாக ‘இந்தா மனுசா’ என்று கூப்பிடுகிற தொனியை நினைத்துப் பார்த்தார். அதை நினைக்கத்தான் நேரம் பிடித்தது.

நாற்பத்து மூன்று என்று அடித்தார்.

“சும்மா, அண்ணாச்சி, போன வருசம் நாப்பத்தொண்ணு இல்ல?” என்றாள் சுகுணா.

“கூடியிருக்கும்மா.”

பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தார். எழுந்தபோது சுகுணாவும் எழுந்து நின்றாள், புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பாத்துப் போங்க” என்றாள். அண்ணாச்சி என்ற சொல்லைக் காணோம். வழியில் மீரான் எதிரே வந்தார். ஓய் தபாலு என்று தொடங்குகிற வாய், மெல்ல மூடி, மரியாதையாகச் சிரித்தது. வழியில் ஒதுங்கி நின்று, “போங்க, நீங்க முதல்ல போங்க” என்றார். பெட்டிக்கடையில் ஒரு தேநீர் கேட்டார் சவரிராயன். முதல் மிடறு இனித்தது. மீதியை வைத்துவிட்டு வந்தார்.

தன் வீட்டு வாசலில் நின்றார். பிரகாசி எட்டிப் பார்த்தாள். கண்ணில் ஒரு சின்னத் தேடல் வந்தது, நின்றது, போய்விட்டது. விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டாள்.

“வாங்க. உக்காருங்க. பிள்ளையப் பாக்க வந்தீங்களா? நாளைக்குல்ல கொண்டு போறதாச் சொன்னாங்க?”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னு” என்றார். அவர் வாயிலிருந்து ‘சும்மா’ காணாமல் போகாமல் முழுசாக வெளியே வந்தது.

செலின் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்து, யாரோ ஒரு பெரியவர் கையில் கொடுக்கிற ஜாக்கிரதையோடு நீட்டினாள். அவர் வாங்கினார். கை சட்டென்று கீழே தாழ்ந்தது, சுதாரித்துக்கொண்டு நெஞ்சோடு சேர்த்தார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சொருகியது.

செலின் அந்தக் கை தாழ்ந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கனமா இருக்காளா, ஐயா?”

“இருக்காம்மா.”

“எவ்வளவு?”

அவர் பிள்ளையை ஒருமுறை தோள் மாற்றிப் பார்த்தார். “துவைச்சுப் பிழியாத பெட்சீட்டைத் தூக்கின மாதிரி. தலைப் பக்கம் கூடுதல். தூங்கத் தூங்க ஏறிக்கிட்டே வருது. முழங்கை மடிப்புல வலி எடுக்கிற அளவுக்கு.”

செலின் தன் வெறும் கைகளைப் பிள்ளை பிடிக்கிற மாதிரி வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முழங்கை மடிப்பைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

சொன்னார்.